கண்ணாடியில் வைத்த பொட்டு

பெரம்பலூரிலிருந்து அரியலூர் போகும் வழியில் ஒரு மக்காச்சோள மாவு ஆலையில் வேலை செய்கிறேன். சோளத்தை ஊறவைத்து அரைத்தால் பால் மாதிரி வரும். மாவு அதில் கரையாமல் துகளாக மிதக்கும். துகள் பெரிதாக இருந்தால் மறுபடி அரைக்க வேண்டும். முன்பெல்லாம் அக்காவும் நானும் பாலைக் குவளையில் பிடித்துச் சல்லடையில் ஊற்றிப் பார்ப்போம். அக்கா கூடப் பிறந்தவள் இல்லை. குன்னத்திலிருந்து என்னோடு ஒரே பஸ்ஸில் வருபவள்.

போன வருஷம் குழாயில் கண்ணாடி பதித்து, அதற்கு எதிரே ஒரு கேமரா பொருத்தினார்கள். ஓடுகிற பாலை அது படமெடுத்துக்கொண்டே இருக்கும். பக்கத்து அறைத் திரையில் துகள்கள் சாம்பல் நிறத்தில் ஓடும், ஓரத்தில் அளவு வரும். அளவு ஏறினால் பால் தானாகவே அரைவைக்குத் திரும்பிவிடும். திரையைப் பார்க்க ஓர் ஆள் போதும், இன்னொருவர் மாவு மூட்டை பிடிக்கப் போகவேண்டும் என்றார் இன்ஜினியர். அந்த அறையில் நாற்காலி உண்டு. அக்காவுக்கு முழங்கால் வீக்கம். பஸ் படியேறவே என் தோளைப் பிடிப்பாள். அவள்தான் உட்கார வேண்டும் என்று நான் நினைத்திருந்தேன். ஆயுதபூஜை முடிந்ததும் அவளையே உட்கார வைப்பதாக இன்ஜினியரும் சொல்லியிருந்தார்.

பூஜைக்கு எல்லா மெஷினையும் கழுவினோம். அக்கா கேமராவைச் சுற்றியிருந்த மூடியைக் கழற்றி, குழாய்க் கண்ணாடியைப் பஞ்சால் துடைத்தாள். மோட்டார், பம்பு, சுவிட்சுப் பெட்டி என்று சந்தனமும் குங்குமமும் வைத்துக்கொண்டே வந்தவள், அந்தக் கண்ணாடியின் நடுவிலும் வைத்து மூடியை மாட்டினாள். தட்டு பிடித்து நின்ற எனக்கும் அது தப்பாகத் தெரியவில்லை. நெற்றியிலும் நடுவில்தானே வைப்பார்கள்.

லீவு முடிந்து ஆலை ஓடியதும் அளவு ஏறியது, இறங்கவேயில்லை. பால் திரும்பத் திரும்ப அரைவைக்குப் போய், தொட்டி நிரம்பித் தரையெல்லாம் வழிந்தது. அரைவை மெஷினைத் திறந்து பார்த்தார்கள். அதில் ஒரு குறையும் இல்லை. அக்கா குனிந்து திரையைப் பார்த்தாள். மற்றதெல்லாம் ஓட, நடுவில் ஒன்று மட்டும் அசையாமல் நின்றது.

"சார், அது மாவு இல்லீங்க. நான் வச்ச பொட்டுங்க."

எல்லோரும் சிரித்துவிட்டார்கள். கேமராவுக்குக் கண்ணாலம் முடிச்சுட்டியாக்கா என்று பம்பு ஓட்டுகிறவர் கேட்க, அக்காவும் சிரித்தாள். இன்ஜினியரும் கொஞ்சம் சிரித்தார். மறுநாள் என்னைக் கூப்பிட்டு, நீ உட்கார் என்றார்.

பெரியவர்களிடம் எனக்கு வாய் வராது. அன்றைக்குப் பேசினேன். அக்காவுக்குக் கால் முடியவில்லை, நான் மூட்டை பிடிக்கிறேன் என்றேன். மேலே சொல்லியாகிவிட்டது, இனி மாற்ற முடியாதென்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. கோபப்பட்டிருந்தால் ஆறும்வரை காத்திருந்து மறுபடி கேட்டிருக்கலாம்.

சாயங்காலம் பஸ்ஸில் அக்காவிடம் சொன்னேன்.

"வுடு புள்ள. சாமி கும்புட்டதுக்கு வருத்தப்பட முடியுமா? நீ போயி உக்காரு."

நாள் முழுக்க நின்று மூட்டை பிடிக்க அவளால் முடியவில்லை. பொங்கலுக்கு முன்பே வேலையை விட்டு நின்றுவிட்டாள்.

போன மாதம் அவளைப் பார்க்கப் போனேன். வாசலில் காலை நீட்டி உட்கார்ந்து சின்ன வெங்காயம் ஆய்ந்துகொண்டிருந்தாள். வேலையெல்லாம் எப்படிப் போகிறது என்று கேட்டாள். உட்கார்ந்தே இருப்பதால் இடுப்பு வலிக்கிறது என்று, என்னை அறியாமல் சொல்லிவிட்டேன். ஆய்ந்த வெங்காயத்தில் இரண்டு கை அள்ளி என் பைக்குள் போட்டாள்.