எங்கள் களத்து வெயில்

"இந்த ரூமை எடுத்துக்கங்க சார், காலையில வெயில் நல்லா வருமுங்க" என்றார் லாட்ஜ்காரர். போன மாதம், ஏற்காட்டில். யார் வெயிலை யாருக்கு ஐயா விற்கிறீர் என்று வாய்வரை வந்தது. மென்று விழுங்கிவிட்டுச் சாவியை வாங்கிக்கொண்டேன். ஆனால் உட்கார முடியவில்லை. கட்டிலில் விழுந்த வெயிலை விட்டுவிட்டு, பின்பக்கத்து பாத்ரூம் ஜன்னலுக்கே போய்ப் போய் வந்தேன். "வயித்தைக் கலக்குதுங்களா?" என்றாள் மனைவி.

அந்த ஜன்னலுக்குக் கீழேதான் எங்கள் காப்பிக் களம் இருந்தது. மார்கழியில் பறித்த பழத்தை அம்மா அங்கே காயப்போடுவாள். அந்தப் புளித்த வாசனை என் பள்ளிக்கூடச் சட்டையில்கூட அடிக்கும். மேகம் வந்தால் குவிக்க வேண்டும், போனால் பரப்ப வேண்டும். அம்மாவுக்கு ஓரிடத்தில் கால் தரிக்காது. அந்த வியாதிதான் எனக்கும். அப்பா இல்லாத வீடு, காப்பி காய்ந்தால்தான் சோறு.

எண்பதுகளில் ஒரு மாசியில், களத்துக்குத் தெற்கே கடைக்கார பாய் இந்த லாட்ஜைக் கட்ட ஆரம்பித்தார். சிமெண்டு நனைக்கத் தண்ணீர் கொடுத்ததே அம்மாதான், போங்கள்! ஆவணிக்குள் மூன்று மாடி. களத்தில் வெயில் குறையவே இல்லை. சூரியன் உச்சியில் அல்லவா இருந்தது. "நொம்ப நல்லா வந்துருக்குதுங்க பாய்" என்று அண்ணாந்து பார்த்துச் சந்தோஷப்பட்டாள்.

மார்கழியில் சூரியன் தெற்கே சாய்ந்தது. லாட்ஜின் நிழல் களம் முழுக்கப் படுத்துக்கொண்டது. அம்மா முறத்தில் அள்ளிக்கொண்டு வெயில் தெரிந்த மூலைக்கெல்லாம் ஓடினாள், தார் ரோட்டோரம் வரைக்கும். "சாக்கை இழு கண்ணு, பஸ் வருது!" என்று கத்துவாள். என்ன ஓடி என்ன? அடியில் பூசணம் பிடித்துவிட்டது. வியாபாரி மோந்து பார்த்துவிட்டு வேண்டாமென்றார்.

"ஏனுங்க பாய், எங்க வெயிலு போயிருச்சுங்களே" என்றாள் அம்மா.

பாய் நல்ல மனுஷர், பதறிப்போனார். "எனக்குத் தோணவே இல்லையே தங்கச்சி. கட்டினதை இடிக்கவா முடியும்? மொட்டைமாடியில காயப்போட்டுக்க."

மறுவருடம் மூன்று மாடி ஏறி மூட்டை சுமந்தோம். புளித்த நாற்றம் என்று தங்க வந்தவர்கள் சண்டை போட்டார்கள். பாய் பாவம், யாருக்கென்று பேசுவார்? களத்தை அவருக்கே கொடுத்துவிட்டுச் சேலத்துக்கு இறங்கினோம். இப்போது அங்கே கார் நிற்கிறது. சிமெண்டுத் தரையெல்லாம் பாசி.

சேலத்தில் வெயிலுக்கா பஞ்சம்? மார்கழி வந்தால் அம்மா மொட்டைமாடிக்கு ஏறிப்போய், தரையில் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பாள். "நல்லாக் காயும் கண்ணு" என்பாள். கடைசி மார்கழியிலும் சொன்னாள். காயப்போடத்தான் எங்களிடம் ஒன்றும் இல்லை.