மைக்கக்காவின் ‘ம்ம்’

பேருந்து நிலையத்தில் அவளுக்குப் பெயர் மைக்கக்கா. சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலோடு சரி. ஓட்டுநர்கள், நடத்துநர்கள், பழக்கடைக்காரர், நடைமேடை கூட்டுபவர்கள், எல்லோருக்கும் அவள் மைக்கக்காதான். அவளைவிட வயதில் மூத்த நிலைய மேலாளர்கூட ஏதாவது அவசரமென்றால், “மைக்கக்காவை ஒரு குரல் கொடுக்கச் சொல்லு” என்பார்.

நேரக்காப்பாளர் அறையை ஒட்டி, கையை விரித்தால் இரண்டு சுவரும் தட்டுப்படுகிற ஓர் அறை. ஒரே ஒரு ஜன்னல். அதன் கண்ணாடியில், கார்க் கண்ணாடிக்கு ஒட்டுவதுபோல, கறுப்புத் தாள் ஒட்டியிருக்கும். உள்ளிருந்து பார்த்தால் நடைமேடைகள் தெரியும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அவரவர் முகம்தான் தெரியும். உள்ளே ஒரு மேசை, மைக், தலைக்கு மேல் கடகடக்கும் மின்விசிறி. அந்தக் கறுப்புத் தாளுக்குப் பின்னால் உட்கார்ந்துதான் மைக்கக்கா ஊரையே ஏற்றி அனுப்பினாள்.

அவள் வேலைக்குச் சேர்ந்தபோது போட்டது பயணச்சீட்டு கொடுக்கும் ஜன்னலில். அங்கே அவள் பட்டது கொஞ்சமல்ல. அவளுக்குத் திக்குவாய். எல்லா எழுத்தும் ஒன்றுபோலப் படுத்தாது, ஆனால் ‘ப’வும் ‘க’வும் தொண்டையிலேயே குறுக்கே படுத்துக்கொள்ளும். எவ்வளவு என்று ஒருவர் கேட்டுவிட்டுக் காத்திருப்பார். பின்னால் வரிசை நெளியும். யாராவது ஒரு புண்ணியவான் அவளுக்குப் பதில் வார்த்தையை முடித்து வைத்துவிட்டு, பெரிய உபகாரம் செய்ததுபோலச் சிரிப்பார். வீட்டில் அண்ணியும் அதே உபகாரத்தைத்தான் செய்துகொண்டிருந்தாள். அதனால் மைக்கக்கா தலையாட்டியும் கை காட்டியும் பேச்சைச் சிக்கனமாக வைத்துக்கொண்டாள்.

அறிவிப்பாளர் சொல்லாமல் கொள்ளாமல் விடுப்பு போட்ட ஒருநாள், வேறு ஆள் கிடைக்காமல் மேலாளர் அவளை அந்த அறைக்குள் தள்ளிவிட்டார். பயத்தில் அவள் உதட்டை இறுக்கி மூடிக்கொண்டாள். விசையை அழுத்தியதும் வாய் திறக்கவில்லை. மூக்கு வழியாக ‘ம்ம்’ என்று ஒரு முனகல்தான் வந்தது. அந்த முனகலின் மேலேயே வழுக்கிக்கொண்டு ‘ப’ வெளியே வந்துவிட்டது. “ம்ம்… பயணிகள் கவனத்துக்கு.” பாட்டுப் போல லேசாக ஏறி இறங்கிய அந்த வரியைக் கேட்டு அவளே திகைத்துப்போனாள். எதிரில் முகம் இல்லை, வரிசை இல்லை, முடித்து வைக்க ஆள் இல்லை. பழைய அறிவிப்பாளர் திரும்பி வந்து, ஓய்வும் பெற்றுப் போனார். அவள் மட்டும் அந்த நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே இல்லை.

அந்த ‘ம்ம்’மை ஊர் ஒரு பாணி என்று நினைத்தது. அது ஊன்றுகோல் என்று அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

அந்த அறையில் மேசைக்குப் பக்கத்தில் ஒரு முக்காலி உண்டு. சாயங்காலங்களில் அதில் ஓட்டுநர் ஒருவரின் மகள் உட்கார்ந்திருப்பாள். பள்ளியின் கடைசி வகுப்பு. அப்பாவின் வண்டி சுற்று முடித்து வரும்வரை விசிறிக்குக் கீழே பாடம் படிப்பதாகப் பேர். யார் பேசினாலும் அப்படியே திருப்பிப் பேசிக் காட்டுவதால் நிலையத்தில் அவளைக் கிளி என்பார்கள். மேலாளர் தும்மிவிட்டு மூக்கைத் தேடுவது, கியர் விழாத வண்டி முக்குவது, அப்பா அதிகாரியிடம் போனில் “சரிங்க, சரிங்க” என்று குழைவது, எல்லாம் அவளிடம் உண்டு. மைக்கக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். சிரிப்பு மட்டும் அவளுக்குத் திக்கியதே இல்லை.

மைக்கக்கா அதிகம் பேசியது கிளியிடம்தான். பேச்சு நடுவில் நின்றால் கிளி பாட்டுக்குப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருப்பாள். வார்த்தை அதன் நேரத்தில் வரும். அது பெரிய குணம் என்று கிளிக்குத் தெரியாது. அவள் ஒரு குரலைக் கேட்கும்போது கடைசிவரை கேட்பாள், அவ்வளவுதான்.

அந்த வீடியோவை அவள் எடுத்தது ஒரு விடுமுறை நாளில், சும்மா இருக்க முடியாமல். துண்டால் முகத்தில் பாதியை மூடிக்கொண்டாள். சீப்புதான் மைக். மைக்கக்கா தொடங்குமுன் செய்வதுபோலவே மேசை ஓரத்தை மோதிர விரலால் இரண்டு தட்டு தட்டிவிட்டு, “ம்ம்… பயணிகள் கவனத்துக்கு. முதலாம் நடைமேடையில் நிற்க வேண்டிய அப்பா, இன்னும் குளியலறையிலேயே நிற்கிறார். ம்ம்… பயணிகள் கவனத்துக்கு. அம்மாவின் கோபம் இன்னும் சற்று நேரத்தில் புறப்படும். குறுக்கே யாரும் நிற்க வேண்டாம்” என்றாள். தோழிகளுக்கு அனுப்பினாள். விழுந்து விழுந்து சிரித்தார்கள். “எல்லாரும் பாக்குற மாதிரி போடுடி, சும்மா பிச்சுக்கும்” என்றாள் ஒருத்தி.

போடுமுன் கிளி யோசிக்காமல் இல்லை. மைக்கக்கா வருத்தப்படுவாளோ என்று நினைத்துப் பார்த்தாள். திக்குவாயை நான் தொடவில்லையே என்று அவளே பதிலும் சொல்லிக்கொண்டாள். அதைச் செய்தால்தானே பாவம்? இது ஊரே தினமும் கேட்கிற மைக் குரல். அதைத் தொடாமல் இதை மட்டும் எடுத்ததற்காகத் தன்னை உள்ளூர மெச்சிக்கொண்டு, விரலால் ஓர் அழுத்து அழுத்திவிட்டுச் சாப்பிடப் போனாள்.

தோழி சொன்னது பலித்தது. பார்த்தவர் எண்ணிக்கை கண்முன்னே ஏறியது. முன்பின் தெரியாதவர்கள் அந்தக் குரலுக்கு வாயசைத்தார்கள். ஒரு துணிக்கடை அதை வைத்துத் தள்ளுபடி விளம்பரம் போட்டது. கிளிக்கு அது பிடித்திருந்தது. பிடிக்கவில்லை என்று சொன்னால் அது பொய். வகுப்பில் யாரோ ‘ம்ம்’ என்று இழுத்தால், என்னுடையது என்று அவள் காது மடல் சூடாகும்.

நிலையத்துக்கு அந்த ‘ம்ம்’ வந்து சேர அதிக நாள் ஆகவில்லை. முதலில் கல்லூரிப் பையன்கள். ஒலிபெருக்கி கரகரத்ததுமே இரண்டாம் நடைமேடையில் ஒரு கும்பல் ‘ம்ம்’ என்று ஆரம்பித்தது. மறுநாள் பைகளோடு நின்ற பெண்களும் சேர்ந்துகொண்டார்கள். யாருக்கும் அவள்மேல் ஒரு கோபமும் இல்லை. சந்தோஷமாகத்தான் செய்தார்கள்.

அது நடந்தபோது கிளி முக்காலியில்தான் இருந்தாள். மைக்கக்கா விசையை அழுத்தி உதட்டை மூடினாள். அவள் தொடங்குமுன்பே வெளியே நடைமேடைகள் மொத்தமும் சேர்ந்து ‘ம்ம்ம்’ என்றன. கறுப்புத் தாள் ஒட்டிய கண்ணாடியே அதிர்ந்தது. மைக்கக்கா அந்த ‘ம்ம்’மை விட்டுவிட்டு, நேராக வாயைத் திறந்தாள்.

“ப… ப… ப…”

நாலு மூலை ஒலிபெருக்கிகளும் அதை அட்சரம் பிசகாமல் வாங்கி ஊருக்குக் கொடுத்தன. பிறகு சிரிப்பு அலையடித்தது. இதுவும் வேடிக்கையின் ஒரு பகுதி என்று நினைத்திருப்பார்கள். மைக்கக்கா விசையை அணைத்தாள். கழுத்து நரம்பு புடைத்திருந்தது. கை மேசைமேல் கிடந்தது. மோதிர விரல் தட்டத் தூக்கியபடியே நின்றது.

கிளிக்கு அப்போதுதான் விளங்கியது. எதைத் தொடவில்லை என்று மெச்சிக்கொண்டாளோ, அது அங்கேயே பத்திரமாக இருந்தது. அதைத் தாங்கிக்கொண்டிருந்த கோலைத்தான் அவள் உருவி எடுத்துப்போய் ஊருக்கு விளையாடக் கொடுத்திருக்கிறாள். அப்போதே, நான்தான் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. தண்ணீர் பாட்டிலைத் திறந்து நீட்டினாள். மைக்கக்கா வாங்கிக் குடித்தாள்.

அன்றிரவே வீடியோவை அழித்தாள். ஆனால் தேடிப் பார்த்த இடமெல்லாம் வேறு வேறு ஆட்களின் பக்கத்தில் அவளுடைய அரை முகம் சீப்பும் கையுமாகச் சிரித்துக்கொண்டிருந்தது. தனி வகுப்பு என்று சொல்லி நிலையத்துப் பக்கமே போகாமல் இருந்தாள். போகாவிட்டாலும் செய்தி வந்தது. மைக்கக்காவுக்கு வாயே திறக்கவில்லையாம். நேரக்காப்பாளர் கத்திக் கத்தித் தொண்டை கட்டிக்கொண்டதாம். இனி எல்லா அறிவிப்பையும் ஒரே தடவை பதிவுசெய்து வைத்துவிடுவதென்று மேலாளர் முடிவு செய்துவிட்டாராம். இதையெல்லாம் சொன்னது அப்பா. கடைசியில் ஒன்று சொன்னார், முகமெல்லாம் பல்லாக. பதிவுக்குப் பேச இவளைத்தான் கூப்பிட்டிருக்கிறார்கள். துண்டு கட்டிய அந்தப் பெண் நம் ஓட்டுநர் மகள்தான் என்று மேலாளரிடம் யாரோ சொல்லிவிட்டார்களாம்.

“வெளியில ஆள் தேடுவானேன்னு கேக்குறாரு கண்ணு. அதே குரல், திக்காத குரல்னாரு. எனக்கு எப்படி இருந்துச்சு தெரியுமா?”

திக்காத குரல். அப்பா அதைப் பாராட்டாகத்தான் சொன்னார்.

மேலாளர் அறையில் அப்பா சலவைச் சட்டையோடு நின்றார். எந்த வண்டிக்கு எந்த வரி என்று எடுத்துக் கொடுக்க மைக்கக்காவையும் வரச் சொல்லியிருந்தார்கள். அவள் கதவோரம் சுவரில் சாய்ந்து நின்றாள். கிளி அவள் பக்கம் திரும்பவில்லை. ஆனாலும் அந்தப் பக்கத்துக் கன்னம் எரிந்தது. மேலாளர் உற்சாகமாக, “எங்க, ஒரு தடவ பேசு பாப்பா, கேப்போம்” என்றார்.

“வேணாம் சார். நான் பேசல.”

ஏன் என்று அப்பா கேட்டார். மேலாளரும் கேட்டார். ஏன் என்று சொல்ல வேண்டுமானால் அந்த ‘ம்ம்’ எதற்கு என்று சொல்ல வேண்டும். இத்தனை வருஷம் மைக்கக்கா கறுப்புத் தாளுக்குப் பின்னால் வைத்திருந்ததை மறுபடியும் நடுக்கூடத்தில் போட வேண்டும். ஒரு தடவை போட்டது போதாதா? கிளி வாயைத் திறக்கவில்லை.

“அதுக்குள்ள பெரிய ஆளாயிட்டாங்கப்பா,” என்று மேலாளர் சிரித்தார். “கெஞ்சணும் போல.”

அப்பாவின் முகம் சுண்டிப்போனது. வெளியே வந்ததும், இத்தனை பேர் முன்னால் மானத்தை வாங்கிவிட்டாயே என்றார். வீடு வரை இரண்டடி முன்னாலேயே நடந்தார். அவர் பின்னால் நடந்தபோது கிளிக்கு வெட்கத்தோடு வெட்கமாக ஒரு சின்ன நிம்மதியும் இருந்தது. ஏதோ ஒரு பங்கு திருப்பிக் கொடுத்தாயிற்று என்பது போல. அந்த நிம்மதி சரியானதுதானா என்றும் தோன்றியது. ஆனாலும் அதை விட்டுவிட மனம் வரவில்லை.

பதிவை வேறு யாரோ பேசினார்கள். வழவழவென்று ஒரு குரல். ‘ம்ம்’ இல்லை, ஏற்ற இறக்கம் இல்லை. மைக்கக்காவைச் சரக்கு அறைக்கு மாற்றினார்கள். வண்டிகளில் வரும் மூட்டைகளையும் பெட்டிகளையும் உரியவரிடம் சரிபார்த்துக் கொடுக்கும் வேலை. எதிரில் முகம், பின்னால் வரிசை. அவள் எங்கிருந்து தப்பி ஓடினாளோ, அதே இடம்.

கிளி அங்கே போனது ஒரு மத்தியானம். கொஞ்சம் பேர்தான் நின்றார்கள். பக்கவாட்டில் போய் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, யார் காதிலும் விழாமல், “அக்கா, அந்த வீடியோ நான்தான்” என்றாள்.

மைக்கக்கா ஒரு பெட்டியின் முகவரியைப் பார்த்துக்கொண்டே, “தெ… தெரியும்” என்றாள். “மேசையத் தட்டுனியே. அது வெளிய கே… கேக்காது. உள்ள உக்காந்தவளுக்குத்தான் தெரியும்.”

அப்படியானால் முதல் நாளிலிருந்தே தெரியும். அந்தத் தண்ணீரை வாங்கிக் குடித்தபோதும் தெரியும். கிளிக்கு மிச்சம் வைத்திருந்த சொற்களெல்லாம் காலடியில் கொட்டிவிட்டதுபோல் இருந்தது. கையில் இருந்த ஒன்றே ஒன்றை எடுத்து வைத்தாள்.

“பதிவுக்குப் பேச மாட்டேன்னு சொல்லிட்டேங்கக்கா. உங்களுக்காகத்தான்.”

மைக்கக்கா இப்போதுதான் நிமிர்ந்து பார்த்தாள். கோபம் இல்லை. கோபமாக இருந்திருந்தால் தேவலை.

“எனக்காகவா? நீ வே… வேணாம்னதால அது எ… என்கிட்ட திரும்பி வந்துச்சா?”

இல்லை. வீடு வரை சுமந்துபோன அந்தச் சின்ன நிம்மதியும் கழன்று விழுந்தது. மன்னிச்சிருங்கக்கா என்று சொல்லத்தான் வந்திருந்தாள். இப்போது சொன்னால், அதற்கும் ஒரு பதிலை மைக்கக்கா திக்கித் திக்கிச் சொல்ல வேண்டியிருக்கும் என்று பட்டது.

அந்த நேரம் பார்த்து வரிசையில் நின்ற ஒரு நடத்துநர் அவளை அடையாளம் கண்டுகொண்டார். அப்பாவின் சிநேகிதர், மாமா என்றுதான் அவரைக் கூப்பிடுவாள்.

“அட, கிளி. எங்க ஆளையே காணோம்? அந்த ‘ம்ம்’ ஒரு தடவ பண்ணேன், கேட்டு எத்தன நாளாச்சு.” பின்னால் நின்றவர்களிடம் திரும்பி, “இந்தப் பொண்ணுதாங்க அது” என்று அறிமுகமும் செய்தார். இரண்டு பேர் சிரித்தார்கள். ஒருவர் போனை வெளியே எடுத்தார்.

மைக்கக்காவின் கை பெட்டிமேல் நின்றது. அவள் யாரையும் பார்க்கவில்லை.

“அது என்னோடது இல்ல மாமா,” என்றாள் கிளி. குரல் அவளுக்கே கேவலமாகக் கேட்டது. “இவங்க குரல். நான் கேக்காம எடுத்துட்டேன்.”

நடத்துநர், “யாருதா இருந்தா என்ன, நல்லாத்தான இருந்துச்சு” என்று பொதுவாகச் சொல்லிவைத்தார். போனை எடுத்தவர் அதைப் பைக்குள் போட்டுக்கொண்டார். நடத்துநர் தன் மூட்டையைத் தோளில் ஏற்றிக்கொண்டு, கிளியின் முகத்தைப் பார்க்காமல் போனார்.

மைக்கக்கா அடுத்த சீட்டுக்காகக் கையை நீட்டினாள்.

“அடுத்து,” என்றாள்.

அந்தச் சொல் தடையில்லாமல் வந்தது. அடுத்து நின்றவர் முன்னே வர முடியாமல் தயங்கிக்கொண்டிருந்தார். தான்தான் வழியை மறித்துக்கொண்டு நிற்கிறோம் என்று கிளிக்கு அப்புறம்தான் உறைத்தது. கம்பியை விட்டுவிட்டு நகர்ந்து நின்றாள்.