தரைக்குள் போன புகை

அந்த வீடு எங்களுக்குப் பிடித்துப்போனதற்குக் காரணம் அதன் தரைதான். சித்திரை வெயிலில் புதுவாயல் கூட்டுரோட்டிலிருந்து வண்டியில் போய் இறங்கி, செருப்பைக் கழற்றிவிட்டு ஹாலில் கால் வைத்தோம். உள்ளங்கால் சில்லென்று குளிர்ந்தது. ஃபேன்கூட ஓடவில்லை. என் கணவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். பதினொரு வருடமாக ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே வாடகைக்கு வெந்துகொண்டிருந்தவர்கள் நாங்கள். அந்தச் சிரிப்புக்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும்.

நான் கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில், இரும்பு வார்ப்புகள் செய்யும் ஒரு கம்பெனியில் சோதனைப் பிரிவில் இருக்கிறேன். அவர் வேறொரு கம்பெனியில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். இருவருக்கும் ஷிஃப்ட் வேலை. சொந்தமாக ஒரு வீடு என்று நினைத்தாலே எங்களுக்கு நிம்மதியான தூக்கம்தான் ஞாபகம் வரும்.

வீட்டுக்காரர் அறுபத்தைந்து வயதுக்காரர். லேத் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி தவறிப்போய் இரண்டு வருடம். பெங்களூரில் இருக்கும் மகன் கூப்பிட்டுக்கொண்டே இருந்ததால் வீட்டை விற்க முடிவு செய்திருந்தார். முப்பது வருடத்துக்கு முன்னால் அவரே பக்கத்தில் நின்று கட்டிய வீடு. சுவரெல்லாம் கெட்டியாகத்தான் தெரிந்தது. ஒன்றுதான் எனக்கு வித்தியாசமாகப் பட்டது. ஹாலில் இருந்த சாமான்கள் எல்லாம் வாசல் பக்கமாகவே ஒதுங்கியிருந்தன. சமையலறையை ஒட்டிய பாதியில் ஒரு ஸ்டூல்கூட இல்லை. எங்களுக்குத் தண்ணீர் எடுக்கப் போனவர் நேராகப் போகாமல் சுவரோரமாகச் சுற்றிப் போனார். திரும்பும்போதும் அதே மாதிரி சுற்றியே வந்தார்.

"இன்னா சார், இவ்ளோ பெரிய ஹால வெச்சிக்கினு சுத்திப் போறீங்க?" என்று என் கணவர் விளையாட்டாகக் கேட்டார்.

"பழக்கம்பா" என்றார் அவர்.

பழைய வீடு என்பதால், கடன் கொடுப்பதற்கு முன்பு கட்டடத்தின் உறுதியைப் பார்த்து ஒரு இன்ஜினியர் அறிக்கை தர வேண்டும் என்று வங்கியில் சொல்லிவிட்டார்கள். வந்தது நாற்பது வயதைத் தாண்டிய ஒரு பெண். ஸ்கூட்டரில் தனியாக வந்தார். துணிப்பையில் ஒரு சின்னச் சுத்தியல், டேப், ரசமட்டம். மொட்டை மாடி, தூண், ஜன்னல் மூலைகளில் ஓடிய விரிசல்கள் எல்லாவற்றையும் பார்த்துக் குறித்துக்கொண்டார். பிறகு ஹாலில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, வாசலிலிருந்து ஒவ்வொரு டைல்ஸாகத் தட்ட ஆரம்பித்தார்.

என் வேலையும் தட்டிப் பார்ப்பதுதான். நல்ல வார்ப்பைத் தட்டினால் மணி மாதிரி ஒலிக்கும். உள்ளே விரிசலோ ஓட்டையோ இருந்தால் சத்தம் செத்துப்போகும். பதினான்கு வருடமாக என் காதுக்கு அதுதான் சோறு. ஹாலின் நடுப்பகுதியைத் தாண்டியதும் தரையின் சத்தம் மாறியது. மூடிய டிரம்மைத் தட்டுவது போல ஆழமாக, நீளமாக ஒலித்தது. அவர் தலையைத் தூக்குவதற்குள் கீழே வெற்றிடம் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

அவர் இன்னும் மூன்று முறை, பலமாகத் தட்டினார். அமைதி. பிறகு எங்களுக்குக் கீழே, வெகு ஆழத்தில், 'டொப்' என்று ஏதோ விழுந்தது. தட்டியதற்குப் பதில் வந்தது போல இருந்தது.

இன்ஜினியர் சுவரும் தரையும் சேரும் இடத்தில் இருந்த விரல் அகல வெடிப்பின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். "இங்க காத்து போவுது. ஒரு ஊதுபத்தி இருந்தா கொடுங்க" என்றார்.

வீட்டுக்காரர் சமையலறை வாசலில் நின்றிருந்தார். அவர் அசையவில்லை. சாமி அலமாரியிலிருந்து நான்தான் ஒன்றை எடுத்துக் கொளுத்திக் கொடுத்தேன். இன்ஜினியர் அதை வெடிப்புக்கு அருகில் பிடித்தார். மேலே போக வேண்டிய புகை வளைந்து இறங்கியது. நூல் கோத்தது போல நேராக வெடிப்புக்குள் போனது. ஒரு இழைகூட வெளியே தங்கவில்லை. யாரோ உள்ளே இருந்து நிதானமாக உறிஞ்சுவது போல இருந்தது. என் கணவர் இரண்டு அடி பின்னால் போனார்.

அதுவரை எங்கள் கவனத்துக்கு வராத ஒரு மோட்டார் சத்தம் வெளியே எங்கோ நின்றது. நின்ற பிறகுதான் அது இவ்வளவு நேரமும் ஓடியது தெரிந்தது. கொஞ்ச நேரம் புகை நேராக மேலே போனது. பிறகு உள்ளே போன புகை வெடிப்பு வழியாக வெளியே வந்தது. மெதுவாக, ஈரமாக, நனைந்த சாம்பல் வாடையோடு வந்தது.

"ஐயா, இங்க கெணறு ஏதாவது இருந்துச்சா?" என்று இன்ஜினியர் கேட்டார்.

வீட்டுக்காரர் சுவரில் சாய்ந்தபடியே தரையில் உட்கார்ந்தார். "இது எல்லாம் கழனிமா. மனை போட்டு வித்தாங்கோ. எனக்கு வந்த மனையில கெணறு இருந்திச்சி. அத்தொட்டுதான் கம்மி வெலைக்குக் கெடச்சிது. ரெண்டு லாரி கல்லு, மண்ணு போட்டேன். அது எந்த மூலைக்கு? மீதியெல்லாம் கம்பெனி பாய்லர் சாம்பல். சும்மா அள்ளிக்கினு போங்கன்னாங்கோ. ரொப்பி, மேல கான்க்ரீட் போட்டு, அது மேல ஊட்டக் கட்டிட்டேன்."

சாம்பல் வருடா வருடம் நீரில் கரைந்து இறங்கியிருக்கிறது என்று இன்ஜினியர் விளக்கினார். பின்தெருவில் லாரித் தண்ணீருக்கு ஆழ்துளைக் கிணறு போட்டிருக்கிறார்கள். அந்த மோட்டார் ஓடினால் கீழே தண்ணீர் இறங்கும், காற்று உள்ளே போகும். மோட்டார் நின்றால் தண்ணீர் ஏறும், காற்று வெளியே வரும். அவ்வளவுதான் என்றார்.

வீட்டுக்காரர் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னிடம் திரும்பிச் சொன்னார். "எங்க ஊட்டுக்காரம்மா வெள்ளிக்கெழமையானா அங்கதான் ஊதுபத்தி வெப்பா. பொக உள்ள போறத பாத்து, கீழ இருக்கிறவங்க ஏத்துக்கினாங்கன்னு கன்னத்துல போட்டுக்குவா. யாரு இருக்காங்கன்னு கேட்டா சொல்ல மாட்டா. கால வெக்காத, சுத்திப் போன்னு என்னயும் பழக்கிட்டா."

அவர் அனுமதியோடு ஒரு கொத்தனாரைக் கூப்பிட்டு, ஒரு டைல்ஸைப் பெயர்த்து, துளை போட்டார்கள். கான்க்ரீட் நான்கு அங்குலம்கூட இல்லை. துளைக்குள் தூக்குக்குண்டு கட்டிய டேப்பை விட்டார் இன்ஜினியர். டேப் போய்க்கொண்டே இருந்தது. பதினோரு அடியில்தான் எதையோ தொட்டது. மேலே இழுத்தபோது குண்டில் கறுப்புச் சேறு அப்பியிருந்தது. அவர் எழுந்து சுவரோரமாகப் போய் நின்றுகொண்டார். "எல்லாரும் இந்தப் பக்கம் வந்துடுங்க" என்றார். குரலில் அவசரம் இல்லை. அதுதான் எனக்கு அதிக பயமாக இருந்தது.

நான்கு நாளில் அறிக்கை வந்தது. கிணற்றின் சுற்றுச்சுவருக்கு வெளியேயும் மண் அரித்திருக்கலாம், ஹாலில் சமையலறைப் பக்கத்துப் பாதியை உபயோகிக்கக் கூடாது, இப்போதுள்ள நிலையில் குடியிருக்கத் தகுதியில்லை என்று எழுதியிருந்தது. வங்கி கைவிரித்துவிட்டது. என் கணவர் அந்தத் தாளை இரண்டு முறை படித்துவிட்டு மடித்து டிவி மேல் வைத்தார். "தர எவ்ளோ ஜில்லுனு இருந்திச்சி" என்று மட்டும் சொன்னார். கிணற்றின் குளிர் அது என்று நான் சொல்லவில்லை. அவருக்கே தெரிந்திருக்கும்.

ஃபோனில் சொல்லி முடித்துவிட மனமில்லை. அடுத்த வாரம் பகல் பதினொரு மணி வாக்கில் நேரில் போனோம். அன்று அந்தப் பகுதி முழுக்க காலையிலிருந்தே கரண்ட் இல்லை. வீட்டுக்காரர் எங்களை உட்காரக்கூடச் சொல்லவில்லை. கையைப் பிடித்து இழுக்காத குறையாக ஹாலுக்கு அழைத்துப் போனார். வெடிப்புக்கு அருகில் பாதி எரிந்த ஊதுபத்திகள் ஏழெட்டு கிடந்தன.

"அந்தம்மா சொன்னது சரியான்னு ஒரு வாரமா பாத்துக்கினு இருக்கேன். மோட்டார் போட்டா உள்ள போவுது, நிறுத்துனா வெளிய வருது. கரெக்ட்டுதான்." புதிதாக ஒன்றைக் கொளுத்தி வெடிப்பின் அருகில் வைத்தார். "இன்னிக்குக் கரண்டே இல்ல. இத பாரு."

புகை வளைந்தது. இறங்கியது. உள்ளே போனது.

மூன்று பேரும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றோம். மோட்டார் சத்தம் இல்லை. ஜெனரேட்டர் சத்தமும் இல்லை. தெருவில் ஒரு காக்கைகூடக் கத்தவில்லை. வெகுநேரம், ஊதுபத்தி பாதியாகும் வரை, புகை போய்க்கொண்டே இருந்தது. பிறகு இன்ஜினியருக்கு ஃபோன் செய்து கேட்டேன். தூரத்தில் வேறெங்காவது மோட்டார் ஓடியிருக்கும், நிலத்தடி நீரெல்லாம் ஒன்றோடொன்று தொடர்புடையது என்றார். அப்படித்தான் இருக்க வேண்டும். இன்றுவரை எனக்கு நானே அப்படித்தான் சொல்லிக்கொள்கிறேன்.

"சார், நீங்க இந்த ஊட்ல இருக்காதீங்க. புள்ளைகிட்ட போயிடுங்க" என்றேன்.

"முப்பது வருஷம் என்னிய ஒண்ணும் பண்ணலியேமா" என்றார். துளையை மூடியிருந்த பலகையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

அதோடு நாங்கள் அந்த வீட்டை மறந்திருப்போம். ஆனால் ஒரு மாதம் கழித்து, அந்த வீட்டை எங்களுக்குக் காட்டிய தரகர் ஃபோன் செய்தார். ஞாயிற்றுக்கிழமை வீடு பார்க்க வேறு பார்ட்டி வருகிறதாம். வங்கிக்கடன் இல்லை, அதனால் இன்ஜினியரும் இல்லை. "அந்த ரிப்போர்ட்ட பத்தி வெளிய மூச்சு உடாதீங்க மேடம். பெரியவரு பாவம், உங்களால நொந்து பேஜாரா பூட்டாரு. டைல்ஸெல்லாம் புதுசாப் போட்டாச்சி."

என் கணவர், "நமக்கு இன்னாத்துக்கு அந்த வம்பு?" என்றார். எனக்கோ, ஒரு ஓட்டை வார்ப்பை நல்ல வார்ப்புகளோடு சேர்த்து நானே பெட்டியில் போட்டு அனுப்புவது போல இருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை அறிக்கையைக் கைப்பையில் வைத்துக்கொண்டு கிளம்பினேன். அவரும் வண்டியை எடுத்தார்.

நாங்கள் போனபோது அந்தக் குடும்பம் ஏற்கனவே ஹாலில் இருந்தது. கணவன், மனைவி, நான்கு வயதுப் பெண் குழந்தை. தரகர் ஜன்னல் மரத்தின் பெருமையைச் சொல்லிக்கொண்டிருந்தார். வீட்டுக்காரர் எங்களைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். தரை புதிதாகப் பளபளத்தது. வெடிப்பு இருந்த இடத்தில் வெள்ளை சிமெண்ட் பூசியிருந்தார்கள். ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக்கூட அந்தப் பக்கம் போட்டு வைத்திருந்தார்கள்.

குழந்தை அம்மாவின் கையை விட்டுவிட்டு அந்த மூலைக்குப் போனது. சுற்றிப் போகவில்லை, நேராகப் போனது. குளிர்ச்சி பிடித்திருக்க வேண்டும், குப்புறப் படுத்துக் கன்னத்தைத் தரையில் வைத்துக்கொண்டது.

"எந்திரி பாப்பா, புது கவுனு அழுக்காவுது" என்றாள் அம்மா.

"இரும்மா. கீழ யாரோ தூங்குறாங்கோ. மூச்சு உடுறாங்கோ."

தரகர் பெரிதாகச் சிரித்தார். மற்ற யாரும் சிரிக்கவில்லை. அறிக்கையை எடுக்கப் பையில் விட்ட கை அங்கேயே நின்றுவிட்டது.

வீட்டுக்காரர்தான் நகர்ந்தார். முதல் தடவையாக அவர் ஹாலுக்குக் குறுக்கே நடந்ததைப் பார்த்தேன். கண்ணாடிமேல் நடப்பது போல அடி எடுத்து வைத்தார். குனிந்து குழந்தையை அள்ளித் தோளில் போட்டுக்கொண்டு, அதே மாதிரி திரும்பி வந்தார். வாசலைத் தாண்டிய பிறகுதான் பேசினார். "எல்லாரும் வெளிய வாங்க. இந்த ஊட்ட நான் விக்கல."

குழந்தையை அம்மாவிடம் கொடுத்துவிட்டு, கிணறு, சாம்பல், பதினோரு அடி எல்லாவற்றையும் வேப்பமரத்தடியில் நின்றே சொன்னார். தரகர் வண்டியை உதைத்துக்கொண்டு போய்விட்டார். அந்தக் குழந்தையின் அப்பா வீட்டுக்காரரின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர்கள் போன பிறகு வீட்டுக்காரர் என்னிடம் வந்தார். "மறைச்சி வித்துடலாம்னுதான்மா இருந்தேன். காலைல வரைக்கும் அதான் யோசன. அந்தக் கொழந்த படுத்துச்சி பாரு, எங்க ஊட்டுக்காரம்மா அப்டியேதான் படுப்பா. அதே எடத்துல" என்றார். என் கணவர் அவரை நாஷ்டாவுக்குக் கடைக்கு அழைத்துப் போனார். அந்த வாரக் கடைசியில் மகன் வந்து அவரைக் கூட்டிக்கொண்டு போய்விட்டான்.

ஐப்பசி மழையில் ஒரு பிற்பகல், பூட்டிய வீட்டுக்குள் ஹாலின் பாதி உள்ளே போயிற்று. சத்தம் அதிகமில்லையாம். லாரியிலிருந்து ஜல்லி கொட்டுகிற மாதிரி கேட்டது என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். வீட்டுக்காரர் பெங்களூரிலிருந்து வந்து எங்களையும் அழைத்தார். ஜன்னல் வழியாகப் பார்த்தோம். கத்தரித்தது போல வட்டமான பள்ளம். பள்ளத்தின் விளிம்பில் புது டைல்ஸ்கள் தொங்கின. அடியில் சாம்பல் நிறத் தண்ணீர் அசையாமல் இருந்தது. நாற்காலியைக் காணவில்லை.

வீட்டை இடித்து, இன்ஜினியர் சொன்னபடி கல்லும் கிராவலும் போட்டுக் கெட்டித்து, வெறும் மனையாகத்தான் விற்றார். பத்திரப் பதிவுக்கு எங்கள் இருவரையும் கூப்பிட்டிருந்தார். மனையில் கிணறு எங்கே இருந்தது, எத்தனை அடி ஆழம் என்பதைப் பத்திரத்திலேயே எழுத வேண்டும் என்று அவர் பிடிவாதமாக நின்றார். மூடிய கிணற்றை எதற்கு எழுதுவது என்று பத்திரம் எழுதுபவர் சலித்துக்கொண்டார்.

"வாங்கறவங்களுக்குத் தெரியணும்ல? அவங்களுக்கு அப்புறம் வர்றவங்களுக்கும் தெரியணும். எழுதுப்பா" என்றார்.

எழுதினார்கள். வாங்கியவர் படித்துப் பார்த்துத் தலையாட்டினார். சாட்சிக் கையெழுத்தை நானும் என் கணவரும் போட்டோம்.