இரண்டு கைகள் பூசிய சுவர்

ஜவ்வாது மலைமேல் எழுந்துகொண்டிருந்த அந்தச் சொகுசு விடுதிதான் உள் அலங்காரத்தில் நான் தனியாகப் பொறுப்பேற்ற முதல் வேலை. வரவேற்பறைச் சுவருக்கு மண்பூச்சுதான் வேண்டும் என்று அடம்பிடித்தவள் நான். விடுதி முதலாளிக்கு அரை மனசு. பூசும் நாளன்று மதியம் வந்து பார்ப்பேன், பிடிக்காவிட்டால் பெங்களூரிலிருந்து அச்சிட்ட பலகையை வரவழைத்து ஒட்டிவிடுவேன் என்று சொல்லியிருந்தார்.

பூச வந்தவர்கள் அமிர்திப் பக்கத்து அக்காக்கள் இருவர், அண்ணியும் நாத்தனாரும். குழைத்த செம்மண்ணைக் கையாலேயே விசிறி விசிறியாக இழுப்பார்கள். அவர்கள் வீட்டுச் சுவரைப் பார்த்து மயங்கித்தான் கூப்பிட்டிருந்தேன். ஆனால் சும்மா இருக்க முடிகிறதா? எல்லா விசிறியும் வலப்பக்கமே சாய்வதாக லேப்டாப்பில் வரைந்து, ஆளுக்கொரு தாள் கொடுத்தேன்.

பத்து மணிக்குப் போய்ப் பார்த்தால், அண்ணியின் பாதி அருமை. நாத்தனாரின் பாதியில் மண் திட்டுத்திட்டாக நின்றது. உடம்பு சரியில்லையா என்று அவரைக் கேட்டேன். பதில் அண்ணியிடமிருந்து வந்தது.

"அவ நல்லாத்தாம்மா கீறா. எடது கைக்காரி. சோறு துன்ன மட்டும்தான் வலது கை. நீ வலது பக்கமா வரைஞ்சி குட்த்துட்ட."

முன்னாலேயே சொல்லக்கூடாதா என்றேன்.

"படிச்ச பொண்ணு வரைஞ்சது," என்றார் நாத்தனார். "ஓட்டல்னா இப்டித்தான் போலன்னு நெனச்சேன்."

தாள்களை மடித்துப் பைக்குள் போட்டேன். சுரண்டிவிட்டுத் திரும்பப் பூச நேரம் இருக்குமா?

"நீ கொஞ்சம் நவுந்து நின்னா இருக்கும்," என்றார் நாத்தனார்.

நகர்ந்தேன். இடக்கையில் மண் வழுக்கிக்கொண்டு போனது. அவருடைய விசிறிகள் இடப்பக்கம் சாய்ந்தன, அண்ணியுடையவை வலப்பக்கம். நடுவில் இரண்டும் பிரிந்த இடம் வகிடு எடுத்ததுபோல் இருந்தது. நான் வரையாத கோடு அது.

முதலாளி வந்தபோது புதிய பாதி இன்னும் ஈரம். அண்ணியின் பாதியில் ஒரு வளைவின் மேல் வலது உள்ளங்கையை வைத்தார், பொருந்தியது. மறுபாதிக்கு அருகில் கொண்டுபோனார், சரிவரவில்லை. கையை மாற்றி இடது கையைக் காட்டிப் பார்த்துச் சிரித்துவிட்டார். பிறகு போனை எடுத்து, பலகை வேண்டாம் என்று பெங்களூருக்குச் சொன்னார்.

நாத்தனார் கை கழுவிக்கொண்டே என்னைப் பார்த்தார். "சாப்பாட்டு ரூமுக்கும் தாளு குடுப்பியா?"

"மாட்டேன்க்கா."