ஆவாரம் புதர்களுக்குள் போன பாதை

போன வாரம் தோல் ஷாப்புத் தெரு வழியாகச் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தேன். சுண்ணாம்புக் குழியில் ஊறும் தோலின் நாற்றத்துக்கு திண்டுக்கல்காரர்கள் நாங்கள் பழகிவிட்டோம். வெளியூர் உறவுக்காரர்கள் மூக்கைப் பொத்தினால்தான் அது இருப்பதே ஞாபகம் வரும். அன்று என்னை நிறுத்தியது அந்த நாற்றமில்லை. அச்சு முறிந்து சாய்ந்து கிடந்த ஒரு வண்டியிலிருந்து கொட்டிய ஆவாரம்பட்டை. தோல் பதனிடப் போடுவார்களே, அது. நனைந்த பட்டைக்குத் துவர்ப்பாக ஒரு வாசனை உண்டு, மோசமானதில்லை. நான் மட்டும் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு வேறு தெருவில் போனேன்.

காரணத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆத்தூர்ப் பக்கத்து நீர்த்தேக்கத்தின் கரைக்குக் கீழே முப்பது வீடுகள் இருந்தன. அந்த வீட்டுப் பெண்கள் காலையில் மறைவாக ஒதுங்குவதற்கு ஊரில் இருந்தது ஒரே ஓர் இடம். அதை நான் பிடுங்கிக்கொண்டேன். ரொம்ப நல்லெண்ணத்தோடு பிடுங்கினேன் என்பதுதான் இன்னும் அருவருப்பு.

ஐம்பதுகளின் கடைசி. வாத்தியார் வேலையில் சேர்ந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. எனக்கு ஆறு மாசத்துக்கு ஒரு பைத்தியம் பிடிக்கும். தேனீ வளர்த்தேன், பக்கத்து வீட்டுக் குழந்தையைக் கொட்டியதும் பெட்டி பரணுக்குப் போனது. ஆர்மோனியம் கற்றேன், வீட்டுக்காரர் காலி பண்ணச் சொன்னார். அடுத்து வந்தது நடை. அதற்கு விதை போட்டவர் எங்கள் பள்ளிக்கூடத்து டிராயிங் மாஸ்டர் சவரிமுத்து. முட்டிவலிக்காரர். டாக்டர் அவரைத் தினமும் நடக்கச் சொல்லியிருந்தார், ஆனால் மேடுபள்ளம் ஆகாது.

"மேடுபள்ளம் இல்லாத ரோடு திண்டுக்கல்லுல எங்கய்யா இருக்கு? மலைக்கோட்டையச் சுத்தி நடந்தா நேரா மோட்சத்துக்குத்தான் போகணும்" என்றார்.

"நான் கண்டுபிடிக்கிறேன் சார்" என்றேன். கண்டுபிடிக்கிறேன் என்று சொல்ல அந்த வயசில் என்னை யாரும் கேட்கக்கூட வேண்டியதில்லை.

முதல் பஸ்ஸில் சித்தையன்கோட்டைப் பக்கம் போய் இறங்கி நீர்த்தேக்கத்தைச் சுற்றிச் சுற்றி வந்தேன். அணை கட்டி அப்போது சில வருஷங்கள்தான். மேற்கே மலை, காலையில் தண்ணீர் மேல் பஞ்சு மாதிரி பனி. மூன்று பாதைகள் தேறின. ஒன்று கரைமேலேயே போவது. நேராக, சலிப்பாக, பரீட்சை ஹாலில் மேற்பார்வை பார்க்கிற மாதிரி. இரண்டாவது வாய்க்கால் ஓரம்; எருமைகள் உழப்பிய சேறு. மூன்றாவதைப் பார்த்ததும் துள்ளிக் குதித்தேன். கரை முடிகிற இடத்தில் ஒரு சின்ன மேடு, மேடெல்லாம் தோள் உயர ஆவாரம் புதர், பூத்து மஞ்சளாக. நடுவில் ஏற்றமே தெரியாத ஓர் ஒற்றையடிப் பாதை. ஒரு முள் கிடையாது, ஒரு சரளைக்கல் உறுத்தாது. பெருக்கிவிட்ட வாசல் மாதிரி இருந்தது. யார் நடந்து நடந்து அப்படி ஆயிற்று என்று கேட்டிருக்கலாம். பத்தாவது வகுப்புப் பிள்ளைகளிடம் 'ஏன், எதனால் என்று கேளுங்கள்' என்று தொண்டை வறளச் சொல்கிறவன் நான்.

எதிரே கையில் சொம்போடு இரண்டு பெண்கள் வந்தார்கள். என்னைக் கண்டதும் நின்று, திரும்பிப் போய்விட்டார்கள். "வணக்கம்மா!" என்று உற்சாகமாகக் கத்தினேன். அதை இப்போது நினைத்தாலும் காது சுடுகிறது.

ஊருக்கு வந்து 'எளிய நடைப் பாதைகள் மூன்று' என்று ஒரு பக்கம் எழுதி, படம் போட்டு, பள்ளிக்கூடத்து சைக்ளோஸ்டைல் மெஷினில் நாற்பது காப்பி எடுத்தேன். சலூன், வாசகசாலை, டிபன் கடை, எல்லா இடத்திலும் ஒட்டினேன். மூன்றாவது பாதைக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரக்குறி. 'முட்டிவலிக்காரர்களுக்கு உகந்தது.'

பன்னிரண்டு பேர் சேர்ந்தார்கள். அவர்களில் முக்கியமானவர் சிறுமலைப் பழ மண்டி வைத்திருந்த ஒரு முதலாளி. உடம்பில் சர்க்கரை, வாயில் வெற்றிலை. ஞாயிற்றுக்கிழமை விடியும்போதே போய் இறங்குவோம். நடையில் பேசியது பெரும்பாலும் அவரவர் வயிற்றைப் பற்றி. யாருக்கு இரண்டு நாளாக இறங்கவில்லை, யாருக்கு வெந்தயம் கேட்டது என்று. வேப்பங்குச்சியை மென்று துப்பிக்கொண்டே வருவார்கள். தோன்றிய இடத்தில் வேட்டியைத் தூக்கிக்கொண்டு நிற்பார்கள். கரைச்சுவர், மதகுச்சுவர், லஸ்கர் வீட்டுச் சுவர். ஆம்பிளைக்கு உலகம் முழுக்கச் சுவர்தான். சவரிமுத்து சார் மட்டும், "எட்டரைப் பூசைக்குப் போகணும், வெரசா நடங்கய்யா" என்று முன்னால் போய்க்கொண்டிருப்பார். முட்டிவலி உண்மையிலேயே குறைந்துகொண்டு வந்தது.

மதகைப் பார்த்துக்கொள்ளும் லஸ்கரின் மனைவி வெள்ளையம்மா. என் வயசுதான் இருக்கும். நடை முடிந்து வந்தால் எங்களுக்கெல்லாம் பானைத் தண்ணீர் மொண்டு தருவாள். மூன்றாவது வாரமோ நாலாவது வாரமோ, மற்றவர்கள் பஸ்ஸுக்கு நடக்க, நான் செருப்பு வார் அறுந்து பின்தங்கினேன். சொம்பை வாங்கிக்கொண்டே சொன்னாள்.

"வாத்தியார் சார், அந்த ஆவாரங்காட்டுப் பக்கம் மட்டும் வேணாமே. கரைமேல நடங்க. காத்து நல்லா வரும்."

"ஏன், பாம்பு கிடக்கா?"

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு வேகமாகச் சொன்னாள்.

"கெடக்கு. அதுனாலதான் நாங்க கண்ணு தெரிய விடிஞ்சப்புறம் போறோம். எங்க தெருப் பொம்பளைகளுக்கு வேற எடம் கெடையாது சார். வயக்காட்டுக்குப் போனா வரப்புக்காரக ஏசுறாக. நீக பன்னெண்டு ஆம்பிளை வாரீக. சனிக்கெழம ராத்திரி எங்க தெருவுல பொம்பளை யாரும் சோறு திங்கிறதில்ல இப்ப."

எனக்கு ஒரு நிமிஷம் புரியவில்லை. புரிந்ததும் குனிந்து அறுந்த செருப்பு வாரை முடிய ஆரம்பித்தேன்.

"நான் பேசுறேன் அவங்ககிட்ட" என்றேன்.

"பேசுங்க. நீக சொன்னாக் கேப்பாக."

பஸ்ஸில் பேசவில்லை, ஏனென்றால் கூட்டம். அடுத்த ஞாயிறு போகும்போது பேசவில்லை, ஏனென்றால் மண்டி முதலாளி தன் வெந்தயத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். உண்மை என்னவென்றால், பன்னிரண்டு ஆம்பிளைகள் முன்னால் பெண்கள் ஒதுங்குவதைப் பற்றிப் பேச எனக்கு வாய் கூசியது. தங்கள் மலச்சிக்கலை மூன்று மைலுக்கு விவரிக்கிற ஆட்கள் முன்னால் எனக்குக் கூச்சம்! அது மட்டுமா, தாளில் நட்சத்திரக்குறி வேறு போட்டிருந்தேன். என் கண்டுபிடிப்பை நானே எப்படி அடிப்பது?

அன்று மூன்றாவது பாதையில் முதலாளி நின்று மூக்கைச் சுளித்தார். மழை பெய்திருந்ததால் புதருக்குள்ளிருந்து நாற்றம் கிளம்பியிருந்தது.

"ச்சே. என்ன சனங்கய்யா இதுக. இந்தத் தண்ணியத்தானய்யா நாம திண்டுக்கல்லுல குடிக்கிறோம்? வாத்தியாரே, நீரு சுகாதாரப் பாடமெல்லாம் நடத்துறவரு, சொல்லும்."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். சொல்ல வேண்டிய நேரம் அதுதான். அதைவிட நல்ல நேரம் யாருக்கும் வாய்க்காது. நான் சுகாதாரப் பாடம் நடத்தினேன். காலரா, கொக்கிப்புழு, நீர்நிலைகளைப் பேணுதல். அந்த மேட்டின் சரிவு தண்ணீர்ப் பக்கம் இல்லை, எதிர்ப்பக்கம் என்பதைத் தலையைத் திருப்பியிருந்தால் பார்த்திருக்கலாம். பாடம் முடிந்ததும் முதலாளி கை தட்டிவிட்டுக் கரைப் படியில் இறங்கி, நீர்த்தேக்கத்தில் வாய் கொப்பளித்து வெற்றிலையைத் துப்பினார். சிவப்பாகக் கொஞ்ச தூரம் மிதந்தது.

அடுத்த இரண்டு ஞாயிறும் அரிவாளும் கடப்பாரையுமாகப் போனோம். பாதையை அகலப்படுத்துகிறோம், ஊருக்குத் தொண்டு. மறுபடி துளிர்க்கக்கூடாதென்று வேரோடு பெயர்த்தோம். நானும் கடப்பாரை பிடித்தேன். கையில் கொப்புளம் வந்ததைப் பெருமையாகக் காட்டிக்கொண்டு திரிந்தேன். பட்டையை வீணாக்குவானேன் என்று முதலாளி உரித்து வண்டியில் ஏற்றித் தோல் ஷாப்புக்கு அனுப்பினார். மேடு சவரம் பண்ணின தலை மாதிரி ஆனது. கரையில் நின்று பார்த்தால் அந்தப் பக்கம் ஓர் ஓணான் ஓடினாலும் தெரியும்.

முடித்துவிட்டுத் தண்ணீர் கேட்டு மதகடிக்குப் போனோம். வெள்ளையம்மா பானையைக் கவிழ்த்து வைத்திருந்தாள். "இன்னைக்கி எடுக்கலை. வாய்க்கால்ல ஓடுது, குடிச்சுக்கங்க" என்றாள். பிறகு என்னிடம் மட்டும், குரலை உயர்த்தாமல் கேட்டாள்.

"பேசுனீகளா?"

"மறந்துட்டேன்."

"சரி" என்றாள். கதவைச் சாத்தவில்லை, ஏசவில்லை. வாசலில் கிடந்த எங்கள் செருப்புத் தடத்தின் மேல் விளக்குமாற்றை இழுத்துக்கொண்டு போனாள்.

சவரிமுத்து சார் கேட்டுக்கொண்டுதான் நின்றிருக்கிறார். பஸ்ஸுக்கு நடக்கும்போது கேட்டார், நான் சொன்னேன்.

"ஏலே, ஊருல உள்ளதெல்லாம் அம்புட்டுப் பேசுவியே. இதுக்கு ஒரு வார்த்தை வரலையா ஒனக்கு?"

"கூச்சமா இருந்துச்சு சார்."

"அந்தப் புள்ளைக்கு இல்லையா கூச்சம்? ஒங்கிட்ட வந்து சொல்லுச்சே."

அதற்குப் பிறகு அவர் வரவில்லை. முட்டி சரியாகிவிட்டது என்று மற்றவர்களிடம் சொல்லிக்கொண்டார். பள்ளிக்கூடத்து மாடிப்படியில் கைப்பிடியைப் பிடித்து ஒவ்வொரு படியாக அவர் ஏறுவதைப் பார்க்கும்போதெல்லாம் நான் வேறு பக்கம் திரும்பிக்கொள்வேன்.

ஐப்பசி மழை பிடித்ததும் எங்கள் நடைக் கூட்டம் கலைந்தது. யாரும் கலைக்கவில்லை, ஒரு வாரம் தூறல், மறு வாரம் கல்யாணம், அவ்வளவுதான். முதலாளிக்குச் சர்க்கரையை இறக்க யாரோ சித்தவைத்தியர் கிடைத்தார். எனக்கு போட்டோப் பைத்தியம் பிடித்தது. எண்ணிப் பார்த்தால் மொத்தம் பதினோரு ஞாயிறு நடந்திருக்கிறோம்.

பத்து வருஷம் ஆகப்போகிறது. ரோடு போட மேட்டு மண்ணைச் சுரண்டி எடுத்ததில் அங்கே இப்போது பாறை பல்லிளிக்கிறது. ஆவாரம் முளைக்கவில்லை. நான் போட்ட பாதையில் நடக்க யாரும் போகவில்லை. சவரிமுத்து சார் ரிடையர் ஆகிவிட்டார். லஸ்கருக்கு மாற்றல் வந்ததா, வெள்ளையம்மா அங்கேதான் இருக்கிறாளா, நான் விசாரிக்கவில்லை. விசாரிக்க முகமில்லை.

போன மாசம் ஒரு துக்க வீட்டுக்குப் போய்விட்டுச் சித்தையன்கோட்டையிலிருந்து ராத்திரி ஏழு மணி பஸ்ஸில் திரும்பினேன். அந்த முப்பது வீடு வருகிற திருப்பத்தில் பஸ் வெளிச்சம் சாலை ஓரத்தில் விழுந்தது. வரிசையாக உட்கார்ந்திருந்த பெண்கள் ஒவ்வொருவராக எழுந்து, சேலையை இழுத்துவிட்டுக்கொண்டு, எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றார்கள். கிழவிகள், சின்னப் பெண்கள், வயிற்றுப்பிள்ளைக்காரி ஒருத்தி இடுப்பைப் பிடித்துக்கொண்டு. முன்பு அவர்களுக்கு ஒரு விடியற்காலை இருந்தது. விடிந்தது முதல் இருட்டும்வரை அடக்கிக்கொண்டிருப்பவர்களுக்கு இப்போது இந்த இருட்டு மட்டும்தான்.

பக்கத்து சீட்டுக்காரர் துண்டால் மூக்கைப் பொத்தினார். "ச்சீ. நடுரோட்டுலயா. மானங்கெட்டதுக" என்று என் முகத்தைப் பார்த்தார், ஆமாம் என்பேன் என்று.

"அவங்க எடத்த நாங்கதான் சார் அழிச்சோம்" என்றேன்.

அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை; நகர்ந்து உட்கார்ந்துகொண்டார். நான் ஜன்னல் வழியாகத் திரும்பிப் பார்த்தேன். எங்கள் வெளிச்சம் தாண்டியதும் அவர்கள் மறுபடி உட்காரப் போனார்கள். எங்களுக்குப் பின்னால் ஒரு லாரி வந்துகொண்டிருந்தது.