நான் எழுதாமல் விட்ட செலவு

எண்பதுகள் முடிந்து தொண்ணூறுகள் தொடங்கியிருந்த நேரம். லண்டனில், கிங்ஸ்பரிப் பக்கம், கடன் எடுத்து ஒரு வீடு வாங்கியிருந்தேன். மனைவியும் மகளும் கொழும்பில் ஒரு லொட்ஜில் விசாவுக்காகக் காத்திருந்தார்கள். அவர்களைக் கூப்பிடுவதென்றால் இங்கே இருக்க இடம் இருக்கிறது என்று காட்ட வேண்டும். அதற்காகத்தான் அந்த வீடு. மூன்று அறை, இருந்தது நான் ஒருவன். சமைத்த சட்டியிலேயே சாப்பிட்டுவிட்டுக் குசினியிலேயே பாயைப் போட்டுப் படுத்துவிடுவேன். மற்ற அறைகளுக்குள் போகவே பிடிக்காது.

வட்டி ஏறத் தொடங்கியது. வேலை செய்த தொழிற்சாலையில் ஓவர்டைமையும் நிறுத்தினார்கள். மூன்று மாதத் தவணை தவறிவிட்டது. கடிதம் மேல் கடிதமாக வந்தது. பிரிக்காமலே ஒரு பிஸ்கட் டின்னுக்குள் போட்டு மூடினேன். யாரிடம் சொல்வது? கோயிலில் ஊர்ச்சனம் கண்டால், "என்ன அண்ணை, வீடும் வாங்கிட்டியள், எங்களை எப்ப சாப்பாட்டுக்குக் கூப்பிடப் போறியள்?" என்று கேட்பார்கள். பல்லைக் காட்டிவிட்டு வருவேன். கடன் தந்தவனிடம் போய் ஏலாது, கட்ட முடியவில்லை என்று சொல்வதைவிடச் செத்துப்போகலாம் என்று இருந்தேன். அப்படியொரு விசர் வீம்பு எனக்கு.

வீட்டை எடுக்க வழக்குப் போடப் போகிறோம் என்று கடைசியில் ஒரு கடிதம் வந்தது. அதை மட்டும் ஏனோ பிரித்துவிட்டேன். வீடு போனால் விசாவும் போய்விடுமே! ஷிப்டுக்கு லீவு சொல்லிவிட்டு, கோட்டுப் போட்டு டையும் கட்டிக்கொண்டு கடன் தந்த நிறுவனத்தின் கிளைக்குப் போனேன்.

அங்கே ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி படிவம் ஒன்றைத் தந்து, வரவையும் செலவையும் எழுதச் சொன்னார். சாப்பாடு, பஸ், கரண்ட், காஸ் என்று எழுதிக் கொடுத்தேன். கூட்டிப் பார்த்தார். திரும்பவும் கூட்டினார். இதன்படி முழுத் தவணையும் கட்டி மிச்சமும் பிடிக்கலாமே, மீதிக் காசு எங்கே போகிறது என்று கேட்டார். குடியா, சூதா என்று கேட்காத குறைதான். எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது.

பிறகுதான் விளங்கியது. கொழும்புக்கும், யாழ்ப்பாணத்தில் இருந்த தங்கச்சி வீட்டுக்கும் மாதம் மாதம் அனுப்புகிற காசை நான் எழுதவேயில்லை. மறைக்க நினைக்கவில்லை. பெண்சாதி பிள்ளைக்கும் கூடப்பிறந்தவளுக்கும் கொடுப்பதை யாராவது செலவென்று எழுதுவானா? அதைக் கழித்து வருவதுதான் என் சம்பளம் என்று பழகிவிட்டிருந்தேன். தட்டுத் தடுமாறிச் சொன்னேன். அவர் தன் கையாலேயே ‘குடும்பம்’ என்று ஒரு வரி சேர்த்தார். பிறகு சாப்பாட்டு வரியில் பேனையை வைத்து, இது ஒரு நாளைக்கா, ஒரு கிழமைக்கா என்று கேட்டார். கிழமைக்கு என்றேன். அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். கடவுளே, கோட்டும் டையுமாக இருந்து அழுதுவிட்டேன்! நீ சாப்பிட்டாயா என்று ஒருவர் கேட்டதுபோல் இருந்தது எனக்கு.

ஆறு மாதத்துக்குப் பாதித் தவணை கட்டினால் போதும், மீதியைக் கடனோடு சேர்த்துவிடலாம் என்று எழுதித் தந்தார். முதல் கடிதத்துக்கே வந்திருக்கலாமே என்றும் சொன்னார். நான் எழும்பியபோது, மனைவிக்கு இதெல்லாம் தெரியுமா என்று கேட்டார். எழுதித் தந்த தாளை மடித்துக் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை லொட்ஜுக்குப் போன் எடுத்து மனைவியைக் கூப்பிட்டேன். "நான் நல்லா இருக்கிறன்" என்றுதான் எப்போதும் தொடங்குவேன். அன்றைக்கு, "என்னாலை ஏலாமல் கிடக்குதப்பா" என்றேன். தவணை தவறியதையும் டின்னுக்குள் போட்டு மூடிய கடிதங்களையும் சொன்னேன்.

"இவ்வளவு நாளும் தனியக் கிடந்தோ யோசிச்சனீங்கள்? நான் ஒருத்தி இஞ்ச என்னத்துக்கு இருக்கிறன்?" என்றாள்.

ஏச்சுத்தான் அது. ஆனாலும் எனக்கு அவ்வளவு ஆறுதலாக இருந்தது. அடுத்த மாதத்திலிருந்து காசைக் குறைத்து அனுப்பச் சொல்லிவிட்டாள். அவர்கள் வந்து சேர இன்னும் ஒரு வருடம் பிடித்தது. கடனும் எப்போதோ முடிந்துவிட்டது. அத்தனை மாதமும் என்னை அந்த வீட்டுக்குள் தனியனாக்கி வைத்திருந்தது ஏலாது என்று சொல்ல மறுத்த என் வாய்தான்.