மாவுப் பல்லுக்குக் கண் வைத்தவள்

பல் மருத்துவமனையில் வேலை பார்ப்பவர்களுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. எதிரில் வருகிறவரின் முகத்தைப் பார்க்க மாட்டார்கள், வாயைத்தான் பார்ப்பார்கள். பேருந்தில் எதிரே உட்கார்ந்து கொட்டாவி விடுகிறவரின் கடைவாய்ச் சொத்தையைப் பார்த்து முடித்துவிட்டு, அதற்கப்புறம்தான் அவர் தன் வீட்டுக்காரரின் சிநேகிதர் என்று கண்டுபிடித்து வணக்கம் வைப்பாள் பல்லக்கா. அந்தப் பெயர் தெருப் பிள்ளைகள் வைத்தது. அவளுக்கு அதில் கோபமெல்லாம் இல்லை, உள்ளூரப் பெருமைதான்.

ஒரு டாக்டர், ஒரு நாற்காலி, ஒரு உதவியாளர். அவ்வளவுதான் அந்த மருத்துவமனை. கருவிகளைக் கொதிக்க வைப்பது, வாயில் ஊறும் எச்சிலைக் குழாய் வைத்து உறிஞ்சுவது, பல் அச்சு எடுக்க ரோஸ் நிறப் பசையைக் குழைப்பது, அந்த அச்சில் ஜிப்சம் மாவைக் கரைத்து ஊற்றிக் காயவைப்பது எல்லாம் பல்லக்கா பாடு. மாவு இறுகியதும் நோயாளியின் பல்வரிசை அப்படியே வெள்ளைக் கல்லாக வெளியே வரும். வைத்தியம் முடிகிறவரைக்கும் அது பின்னறை அலமாரியில் உட்கார்ந்திருக்கும்.

இன்னொரு வேலையும் அவளுக்கு இருந்தது. அது சம்பளத்தில் சேராது. வலது கையில் உறிஞ்சு குழாய், இடது கை நோயாளிக்கு. பயப்படுகிறவர்கள் அந்தக் கையைப் பிடித்துக்கொள்வார்கள். பெரிய மீசை வைத்த லாரி டிரைவர்கூட ஊசியைப் பார்த்ததும் எட்டிப் பிடித்திருக்கிறார்.

மதியம் டாக்டர் சாப்பிட வீட்டுக்குப் போவார். பல்லக்கா பின்னறையில் சாப்பாட்டு டப்பாவைத் திறந்துவைத்துக்கொண்டு போனைப் பார்ப்பாள். சீரியலில் ஒரு மாமியார் முறைப்பதை மூன்று பக்கத்திலிருந்தும் மாற்றி மாற்றிக் காட்டிச் சலிப்பேற்றிய ஒரு நாளில், விரல் தவறி ஒரு குறும்படத்தின் மேல் பட்டுவிட்டது. அதில் நடித்தவை தீக்குச்சிகள். தீப்பெட்டிக்குள் ஒரு குடும்பம். எரிந்து தலை கறுத்த குச்சி ஒன்று வீடு திரும்புகிறது. மற்ற குச்சிகள் ஒதுங்கிக்கொள்கின்றன. தாய்க்குச்சி மட்டும் நகர்ந்து இடம் விடுகிறது. வசனமே கிடையாது. பல்லக்கா சாப்பாட்டு டப்பாவை ஒதுக்கிவைத்துவிட்டுக் கடைசிவரை பார்த்தாள்.

எப்படி எடுத்தேன் என்று கடைசியில் படத்தை எடுத்தவனே காட்டினான். ஒரு மேசை விளக்கு, ஒரு பழைய போன், நிறையப் பொறுமை. குச்சியைத் துளி நகர்த்தி ஒரு படம், மறுபடி துளி நகர்த்தி இன்னொரு படம். எல்லாவற்றையும் சேர்த்து ஓட்டினால் குச்சி நடக்கிறது.

அதற்கப்புறம் தேடித் தேடிப் பார்த்தாள். ஆணியில் தொங்கும் மழைக்கோட்டு ஒன்றே நடிகனாக ஒரு படம். ஒரு லிஃப்டுக்குள்ளேயே தொடங்கி அங்கேயே முடிகிற இன்னொன்று. "இதையெல்லாமா படம்னு சொல்றாங்க?" என்று கேட்ட வீட்டுக்காரரை, வேற்று நாட்டிலிருந்து வந்து இறங்கியவரைப் பார்ப்பது போலப் பார்த்தாள்.

ஒரு மதியம் சோற்றைப் பிசைந்தபடி அலமாரியை நிமிர்ந்து பார்த்தவள் அப்படியே கையை நிறுத்தினாள். அங்கே வரிசை வரிசையாக நடிகர்கள்! எடுப்பானவர்கள், இடைவெளி விட்டவர்கள், மேலே கீழே ஏறி இறங்கியவர்கள். சம்பளம் கேட்காதவர்கள், சாப்பாடு கேட்காதவர்கள். டாக்டரின் நாற்காலிக்கு மேலே நிழலே விழாத விளக்கு. அச்சுப் பசையில் ஒரு உருண்டை எடுத்து விளக்கின் கம்பியில் போனை ஒட்டினால் அசையாது. பஞ்சுச் சுருள் மெத்தையாகும், வாய்க்கண்ணாடி குளமாகும். அவளுக்குத் தலைகால் புரியவில்லை.

கதையும் அன்றைக்கே வந்துவிட்டது. பல்வரிசைகள் எல்லாம் ஒரு அலுவலகத்துக்கு வேலை கேட்டுப் போகின்றன. மற்றதெல்லாம் பளிச்சென்று சீரானவை. ஒன்று மட்டும் எத்துப்பல். பேச வாய் திறந்தாலே மேலதிகாரி முகத்தில் மாவு தெறிக்கும். எல்லோரும் சிரிப்பார்கள். கடைசியில் யாராலும் திறக்க முடியாத பாட்டில் மூடியை அந்த எத்துப்பல்தான் கடித்துத் திறக்கும், வேலையும் அதற்கே கிடைக்கும்.

அந்த எத்துப்பல்லுக்கு ஆள் தேட வேண்டிய அவசியமே இருக்கவில்லை. இரண்டாவது தட்டில் இருந்தது. அது நாத்தனாருடையது.

நாத்தனார் என்றால் வீட்டுக்காரரின் அக்கா. ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை. சிரிக்கும்போது வலது கை தானாக எழுந்து வாயை மூடிக்கொள்ளும். கல்யாணப் படத்தில்கூட அவர் கை வாய்மேல்தான் இருக்கிறது. சின்ன வயதில் தம்பி ஊஞ்சலைத் தள்ளிவிட்டதில் முன்பல் ஒன்றின் முனை வேறு சாய்வாக உடைந்துபோனது. நாற்பதை நெருங்கும் வயதில் பல்லுக்குக் கம்பி போட அவரைச் சம்மதிக்க வைத்ததே பல்லக்காதான்.

"அது வந்து பாத்தியா, இந்த வயசுல வாயில கம்பியைக் கட்டிக்கிட்டு நின்னா எல்லாரும் சிரிப்பாங்க" என்று நாத்தனார் இழுத்தார். எதைச் சொல்ல வந்தாலும் 'அது வந்து பாத்தியா' என்றுதான் ஆரம்பிப்பார்.

"யாருக்கா சிரிக்கப் போறா? நம்ம ஆஸ்பத்திரி. நான் இருக்கேன்ல. உங்க வாயை என்னையும் டாக்டரையும் தவிர ஒரு ஈ காக்கா பாக்காது."

அச்சு எடுத்த அன்று பசைத்தட்டு தொண்டை வரை போய்க் குமட்டியது. நாத்தனார் கண்ணில் தண்ணீர் வழிய, பல்லக்காவின் இடது கையை இறுகப் பிடித்திருந்தார். தட்டை எடுத்த பிறகும் கொஞ்ச நேரம் விடவில்லை. "நீ மட்டும் இல்லேன்னா எந்திரிச்சு ஓடியிருப்பேன்" என்றார்.

அந்த அச்சைத்தான் பல்லக்கா அலமாரியிலிருந்து எடுத்தாள். எடுக்கும்போது உள்ளே ஏதோ குறுகுறுத்தது. அதை உட்காரவைக்க அவளிடம் சமாதானங்கள் நிறைய இருந்தன. முகமா இருக்கிறது, பெயரா இருக்கிறது? வெறும் மாவு. கடைசியில் ஜெயிப்பதும் அதுதானே. சிவப்பு மெழுகைத் தொட்டு இரண்டு கடுகை ஒட்டினாள். கண் வைத்ததும் அது அவளையே பார்த்தது. இவ்வளவு நல்ல நடிகை கிடைத்த சந்தோஷத்தில் அவள் அந்தப் பார்வையைச் சட்டை செய்யவில்லை.

குரலும் அவளே கொடுத்தாள். 'ச' வரும் இடத்திலெல்லாம் காற்றுச் சீறியது. ஒவ்வொரு வசனமும் 'அது வந்து பாத்தியா' என்று ஆரம்பித்தது. அப்படித் திட்டம் போட்டுப் பேசவில்லை என்றுதான் அவள் பின்னால் தனக்குத்தானே சொல்லிப் பார்த்தாள். ஆனால் வேறு குரலில் பேசிப் பார்த்தபோது சிரிப்பு வரவில்லை, இந்தக் குரலில் வந்தது. அது அவளுக்கு நன்றாகவே தெரியும்.

நூலக மாடியில், போனில் எடுத்த குறும்படங்களைத் திரையிடும் நாள் ஒன்று வந்தது. அனுப்பினாள், எடுத்துக்கொண்டார்கள். வீட்டில் ஒரே அமர்க்களம். "இனிமே டைரக்டர் மேடம்னுதான் கூப்பிடணும்" என்று வீட்டுக்காரர் கிண்டல் செய்தார். நாத்தனார் அலுவலகத்தில் லீவு போட்டுவிட்டு, இஸ்திரி போட்ட நீலப் புடவையில் வந்தார். அவரை வரவேண்டாம் என்று எப்படிச் சொல்வது? பல்லக்கா அன்று காலைப் பலகாரத்தைத் தொடவில்லை. படபடப்பு என்று எல்லோரிடமும் சொன்னாள்.

ஜன்னலில் கறுப்புத் துணி, சுவரில் வெள்ளைத் திரை, பிளாஸ்டிக் நாற்காலிகள். பல்லக்காவுக்கு ஒரு பக்கம் வீட்டுக்காரர், மறு பக்கம் நாத்தனார். படம் ஓட ஆரம்பித்தது. எத்துப்பல் தத்தித் தத்தி அலுவலகத்துக்குள் நுழைந்ததுமே கூட்டம் சிரித்தது. முதலில் வாய்விட்டுச் சிரித்தவர் நாத்தனார். கை வழக்கம்போல வாய்க்குப் போனது.

அப்புறம் எத்துப்பல் பேசியது. "அது வந்து பாத்தியா சார்..."

திரையில் பல்வரிசை பெரிதாகத் திரும்பியது. முன்பல்லின் சாய்ந்த முனை விளக்கில் பளீரென்று தெரிந்தது. நூலக மாடியே சிரித்தது. பல்லக்கா ஓரக்கண்ணால் பார்த்தாள். நாத்தனார் இப்போது சிரிக்கவில்லை. கை மட்டும் வாய்மேலேயே இருந்தது. விரல்களின் இடுக்கில் மேலுதட்டுக்கு உள்ளே நாக்கு மெதுவாக நகர்வது தெரிந்தது. நாக்கு தன்னுடைய அந்த உடைந்த முனையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தது.

மனுஷனுக்குத் தன் முதுகு தெரியாது, தன் நடை தெரியாது. ஆனால் தன் பல்லை நாக்குக்குத் தெரியாமல் இருக்குமா? தினமும் பல்லோடு மல்லுக்கட்டுகிற பல்லக்காவுக்கு அந்த ஒன்று மட்டும் தோன்றாமல் போய்விட்டது.

வீட்டுக்காரர் குனிந்து, "யாரோட பல்லு இது? எங்கயோ பாத்த மாதிரியே இருக்கே" என்றார்.

"எவளோ ஒருத்தி. பேஷன்ட்" என்றாள் பல்லக்கா.

சொல்லி முடிக்கும் முன்பே நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. பக்கத்தில் இருந்தவருக்கு அது கேட்காமல் இருந்திருக்காது. படம் முடிந்து எல்லோரும் கை தட்டினார்கள். நாத்தனாரும் தட்டினார். அதற்காக வாயிலிருந்து கையை எடுக்க வேண்டியிருந்தது. உதடுகளை இறுக மூடியபடி தட்டினார். பாராட்டிப் பேசிய ஒருவர், அந்த எத்துப்பல் பாத்திரத்தின் குரல் பிரமாதம், யாரைப் பார்த்துப் பிடித்தீர்கள் என்று ஒலிவாங்கியில் கேட்டார். பல்லக்கா எழுந்து நின்று, சும்மா கற்பனைதான் சார் என்று மென்று விழுங்கினாள்.

மறுவாரம் கம்பி போட வேண்டிய நாளில் நாத்தனார் வரவில்லை. டாக்டர் இரண்டு தடவை கேட்டார். பல்லக்கா அவர் வீட்டுக்குப் போனாள். நாத்தனார் துணி மடித்துக்கொண்டிருந்தார். உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுத்தார், எல்லாம் ஒழுங்காக நடந்தது. அதுதான் பல்லக்காவை இன்னும் கூனிக் குறுக வைத்தது.

"அக்கா, நான் செஞ்சது பெரிய தப்பு. படத்தை அழிச்சிடறேன். எங்கயும் காட்ட மாட்டேன்."

"எதுக்கு அழிக்கணும்? நல்லாத்தானே எடுத்திருக்கே."

"அக்கா, ரெண்டு திட்டாவது திட்டுங்க."

நாத்தனார் ஒரு சட்டையை மடித்துக் கழுத்துப் பட்டியைச் சரிசெய்தார். "உன்னைத் திட்டி என்ன? முதல்ல சிரிச்சது நான்தானே. யாரோ ஒரு எத்துப்பல்லுக்காரின்னு நெனச்சு நல்லா சிரிச்சேன். அந்த யாரோவைப் பாத்துப் பாவம்னு ஒரு நிமிஷம் தோணலை எனக்கு. அதை நெனச்சாத்தான் வெக்கமா இருக்கு."

அவர் இப்போது 'அது வந்து பாத்தியா' என்று ஆரம்பிக்கவில்லை என்பதைப் பல்லக்கா கவனித்தாள். அன்று முழுக்க ஒரு தடவைகூட அந்த வார்த்தை வரவில்லை. வெட்கம் தன்னுடையது, அதை இவர் எடுத்துச் சுமக்கிறார் என்று தோன்றியது. அதை வாயால் சொல்லத் தைரியம் வரவில்லை. தண்ணீரைக் குடித்துவிட்டு வந்துவிட்டாள்.

சில வாரம் கழித்து நாத்தனார் தானாகவே மருத்துவமனைக்கு வந்தார். டாக்டர் அவரை நாற்காலியில் உட்காரவைத்து, "எப்படி மாறப்போகுதுன்னு காட்டறேன்" என்று பின்னறைக்குப் போய் அந்த மாவு அச்சைத் தானே எடுத்து வந்தார். பல்லக்காவுக்கு உயிரே போய்விட்டது. கடுகைச் சுரண்டி எடுத்திருந்தாள். மெழுகு முழுக்கப் போகவில்லை. டாக்டருக்குத் தெரியாமல்தான் அலமாரியில் கை வைத்திருந்தாள்.

டாக்டர் அச்சை விளக்கருகே திருப்பினார். "இதென்ன, சிவப்பா ரெண்டு புள்ளி?"

பல்லக்கா உறிஞ்சு குழாயைத் துடைக்கிற பாவனையில் குனிந்துகொண்டாள்.

"சின்னப் பிள்ளைங்க யாராவது எடுத்து வெளையாடியிருப்பாங்க டாக்டர்" என்றார் நாத்தனார். "விடுங்க, நீங்க கம்பியைப் போடுங்க."

டாக்டர் சிரித்துவிட்டு அச்சைத் தட்டில் வைத்தார். நாற்காலி சாய்ந்தது, விளக்கு எரிந்தது. நாத்தனார் வாயை அகலத் திறந்தார். கருவியின் சத்தம் கேட்டதும் அவர் உடம்பு லேசாக விறைத்தது. பல்லக்கா வலது கையில் உறிஞ்சு குழாயைப் பிடித்தபடி, இடது கையை எப்போதும்போல அவர் பக்கம் நீட்டினாள்.

"பிடிச்சுக்கோங்கக்கா."

நாத்தனார் டாக்டரின் கையைக் கொஞ்சம் விலக்கிவிட்டுப் பேசினார். குரலில் கோபம் இல்லை.

"வேணாம். உனக்கு வேலை இருக்கும். நீ குழாயைப் பாரு."

அவர் மறுபடி வாயைத் திறந்தார். விரல்கள் நாற்காலியின் கைப்பிடியை இறுகப் பற்றிக்கொண்டன. நீட்டிய கையை எங்கே வைப்பது என்று பல்லக்காவுக்குத் தெரியவில்லை. பிறகு அந்தக் கையாலும் குழாயையே பிடித்துக்கொண்டாள்.